எல்லாருக்கும் பக்கம் என்று ஒரு இடம்

"வேளச்சேரிதானே, எல்லாருக்கும் பக்கம்." நண்பர்கள் ஐந்து பேரும் எங்கே சந்திக்கலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதை நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஐந்து பேரில் மூன்று பேர் வேளச்சேரி, மேடவாக்கம், தாம்பரம். ஒருவன் திருவொற்றியூர், ஒருத்தி ஆவடி. மூன்று பேருக்குப் பக்கம் என்பது எப்படி எல்லாருக்கும் பக்கம் ஆனது என்று நான் யோசித்ததே இல்லை.

போன மாதம் சந்தித்தபோது ஆவடித் தோழி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மடியில் போனை வைத்து ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் இரண்டாவது காபி சொன்னபோது பாதி தோசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடு என்றோம். பத்தே முக்காலுக்குப் போட்டாள். அதற்குள் நான் படுத்தே விட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். வேளச்சேரி என்றால் எனக்கு 15 நிமிடம், மேடவாக்கத்துக்கு 20, தாம்பரத்துக்கு 40, திருவொற்றியூருக்கு 90, ஆவடிக்கு 120. மொத்தம் 285. எழும்பூர் என்றால் முறையே 60, 80, 50, 50, 70. மொத்தம் 310. கூட்டிப் பார்த்தால் வேளச்சேரிதான் லாபம். ஆனால் அந்த லாபம் யார் கணக்கில் சேருகிறது? என் 45 நிமிடத்தை மிச்சப்படுத்த அவள் 50 நிமிடம் கூடுதலாக அலைகிறாள், அதுவும் இரவில். கூட்டுத்தொகையைப் பார்க்காமல், யாருக்கு அதிக நேரம் ஆகிறதோ அவருடைய எண்ணைக் குறைப்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. எழும்பூரில் அந்த எண் 120-லிருந்து 80-க்கு இறங்குகிறது.

சுழற்சி முறை வைக்கலாமே என்பார்கள். வைத்துப் பார்த்தோம். ஆவடியின் முறை வந்த மாதம் ஒருவனுக்கு ஆபீஸ், ஒருவனுக்குக் காய்ச்சல், எனக்கு ஏதோ ஒரு கல்யாண வரவேற்பு. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எழும்பூரில் வழிகள் வந்து சேர்கின்றன. தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் நேராக வரும். ஆவடியிலிருந்து சென்ட்ரல் வந்தால் மெட்ரோவில் அடுத்த நிலையம். திருவொற்றியூருக்கு 2021-இல் மெட்ரோ வந்துவிட்டது, சென்ட்ரலில் ஒரு வண்டி மாறினால் போதும். மேடவாக்கம்தான் கொஞ்சம் சிரமம், பஸ்ஸில் தாம்பரம் வந்து ரயில் ஏற வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வருகிற நேரத்தை மட்டும் பார்த்து இடம் முடிவு செய்யக் கூடாது. நாலு மணிக்குக் கூட்டமாக இருக்கிற பஸ் ஸ்டாண்ட் ஒன்பதரைக்கு வேறு மாதிரி. ஸ்டேஷனில் இறங்கி வீடு வரை தனியாக நடக்க வேண்டியவரிடம்தான் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று முதலில் கேட்க வேண்டும்.

வருகிற இரண்டாவது ஞாயிறு, மாலை நாலு மணி, எழும்பூர் ஸ்டேஷன், காந்தி இர்வின் சாலைப் பக்க வாசல். ஏழு மணிக்கு எல்லாரும் ஒன்றாகவே எழுந்துவிடுகிறோம். மேடவாக்கத்துக்காரன் முணுமுணுக்கிறான், அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.