நியூட்ரல் போட்டா எல்லா வண்டியும் ஒண்ணுதானாம்!

"நியூட்ரல் போட்டா எல்லா வண்டியும் ஒண்ணுதான் சார்."

நடுரோட்டில் நின்றுபோன என் காரை இழுத்துப் போக வந்தவர் சொன்ன இந்த வசனத்தை இனிமேல் யாராவது என் காதுபடச் சொன்னால் வயது பார்க்காமல் சண்டைக்குப் போவேன். நாலு நாளாகிவிட்டது, இன்னும் ஆறவில்லை. வீட்டில் சொல்லிப் புலம்பவும் வழியில்லை, மாமா பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அவர் பங்கும் இதில் உண்டு.

மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போய், மறுநாள் கெடாவெட்டு முடித்து, சாத்தூர்ப் பக்கமிருந்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், மனைவி, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா. டிக்கியில் 2 தூக்குவாளி கறிக்குழம்பு. விருதுநகர் தாண்டி, கள்ளிக்குடியும் தாண்டி, திருமங்கலம் வந்துவிடும் என்று நினைத்த நேரத்தில் வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. அடுத்த நிமிடம் பானெட்டிலிருந்து புகை. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. ஒரு பாலத்தில் ஏறி, உச்சி தாண்டி, இறக்கம் தொடங்குகிற இடத்தில் வண்டி நின்றது. ஒதுங்க இடமே இல்லாத இடம். பின்னால் வருகிறவனுக்கு மேடு ஏறும்வரை நாங்கள் கண்ணில் படமாட்டோம். மணி மாலை 6.20.

ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்திருந்தது. அது வண்டியின் வயசுக் கோளாறு, அதில் எனக்கு யார் மேலும் கோபமில்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் கோபம்.

மாமா இறங்கியதும் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும், மூடியைத் திறந்தால் முகத்துக்குத்தான் வரும். "நாங்க திறக்காத ரேடியேட்டரா மாப்ள?" என்றார். சரி, அதை விட்டார். அடுத்து ரோட்டோரம் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி வந்து வண்டிக்குப் பின்னால் நாலு கல், மேலே ஒரு கருவேலங்கொப்பு. இதுதானே நம் ஊர் எச்சரிக்கைப் பலகை!

டிக்கியில் சிவப்பு முக்கோணம் இருக்கிறது. கம்பெனியே வண்டியோடு கொடுக்கிறான். எத்தனை பேர் அதை உறையிலிருந்து எடுத்திருக்கிறோம்? நான் எடுத்து விரித்து, பாலத்தின் மேட்டைத் தாண்டிப் பின்னால் நடந்து போய் வைத்தேன். "இம்புட்டுத் தூரத்துலயா வைப்பாங்க?" என்று கேட்டார். நாலு வழிச் சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகும். வண்டிக்குப் பின்னால் பத்தடியில் கல்லை வைத்தால், வருகிறவன் கல்லைப் பார்ப்பதும் நம்மை இடிப்பதும் ஒரே நேரத்தில்தான் நடக்கும்.

அந்தக் கல் இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாகவே ஒரு பாட்டம் திட்ட வேண்டும். வைக்கிறவன் எடுத்துவிட்டுப் போகிறானா? வண்டி சரியானதும் ஏறி உட்கார்ந்து கிளம்பிவிடுகிறான். கல் அங்கேயே கிடக்கும். இரவு 11 மணிக்கு பைக்கில் வருகிறவன் என்ன ஆவான் என்று நினைப்பதில்லை. என் சித்தப்பா மகன் காரியாபட்டி ரோட்டில் அப்படியொரு கல்லில் ஏறி விழுந்து முழங்கையில் பிளேட் வைத்திருக்கிறான். எவனோ ஒருத்தன் பஞ்சர் ஒட்டி முடித்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போன அடையாளம் அது.

அம்மாவையும் மனைவியையும் ஓரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, இன்சூரன்ஸோடு சேர்த்துக் காசு கட்டி வாங்கிய சாலையோர உதவி எண்ணுக்கு அடித்தேன். கம்பெனி பெயரை இங்கே சொல்லவில்லை. எல்லாக் கம்பெனியும் இப்படித்தானா என்று வாங்கியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

"லேண்ட்மார்க் சொல்லுங்க சார்."

"கள்ளிக்குடி தாண்டி திருமங்கலம் போற வழி, ஒரு பாலத்து மேல."

"பக்கத்துல ஏதாவது கடை, ஏடிஎம், ஹாஸ்பிட்டல்?"

"சீமைக்கருவேலம் இருக்கும்மா."

"அது எந்தப் பக்கம் சார்?"

எல்லாப் பக்கமும் தாயே! ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் போகிற 44-ஆம் எண் சாலையில் நிற்கிறேன், ஏடிஎம் வாசலிலா வண்டி நிற்கும்? லொகேஷன் அனுப்புகிறேன் என்றால் அதற்கு வேறு ஒரு இணைப்பு வருமாம். வந்தது, திறக்கவில்லை. அப்புறம் பாலிசி எண், சேசிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கம், வண்டியின் நிறம். நிறம் எதற்கு? பெண் பார்க்கவா வருகிறீர்கள்? விருதுநகர் மாவட்டமா மதுரை மாவட்டமா என்று ஒரு 10 நிமிடம். இத்தனை கேட்டார்களே, இழுத்துப் போகிறவனுக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயத்தைக் கேட்கவில்லை. கியர் எது, எஞ்சின் எந்தச் சக்கரத்தை ஓட்டுகிறது என்று. நானாகவே 3 முறை சொன்னேன்: "வண்டி ஆட்டோமேட்டிக், பிளாட்பெட் அனுப்புங்க." பிளாட்பெட் என்றால் நாலு சக்கரமும் தரையில் படாமல் வண்டியை முதுகில் ஏற்றிப் போகிற லாரி. "நோட் பண்ணிக்கிட்டேன் சார்." எதில் நோட் பண்ணினார்களோ!

ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். இருட்டிவிட்டது. லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது பாலம் குலுங்கியது. அப்போது ஒரு குட்டியானை வந்து நின்றது. நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை. நிற்காமல் போன நூறு வண்டிக்கு நடுவில் நின்றவர். "கயிறு இருக்கு, கீழ டீக்கடை வரைக்கும் இழுத்து விட்டுர்றேன்" என்றார். மாமாவுக்கு முகமெல்லாம் பல். "மாப்ள, கொடைரோட்டுல இருந்து மதுரை வரைக்கும் அம்பாசிடரைக் கயித்துல கட்டி இழுத்தாந்தவன் நான்!" அந்த அம்பாசிடருக்கு இரும்பு பம்பர் மாமா. இது பிளாஸ்டிக். கயிற்றைக் கட்டி இழுத்தால் பம்பர் மட்டும் டீக்கடைக்குப் போகும்.

ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் துணியில் சுற்றி, மறை போட்ட இரும்பு வளையம் ஒன்று கிடக்கும். முன் பம்பரில் ஒரு சின்ன மூடியைப் பெயர்த்தால் உள்ளே மறை தெரியும். அதில் வளையத்தை முழுசாக முறுக்கி ஏற்ற வேண்டும். கயிற்றை அந்த வளையத்தில்தான் கட்ட வேண்டும். சில வண்டிகளில் இடப்பக்கம் திருகினால்தான் ஏறும். மறை போய்விட்டது என்று அதைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். குட்டியானைக்காரருக்கு அந்த வளையமே புதுசு. "அட, இதுக்குத்தானா இது!" என்றார்.

கட்டினோம். இது நான் செய்த தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பாலத்தின் இறக்கத்தில், இருட்டில், பின்னால் லாரி லாரியாக வரும்போது 400 மீட்டர்தானே என்று தோன்றியது.

நான் ஸ்டியரிங்கில். சாவி ஆன் நிலையில், எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடவில்லை என்றால் ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி இருக்கும். பிரேக் அதைவிட மோசம். பிரேக்கை லேசாக்குகிற வெற்றிடம் எஞ்சினிலிருந்து வருவது. எஞ்சின் நின்றபின் ரெண்டு மூணு மிதி வரை தாங்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். அந்த ரெண்டு மூணு மிதியையும் நான் வண்டி நிற்கும்போதே பயத்தில் மிதித்துத் தீர்த்துவிட்டேன்.

குட்டியானை நகர்ந்தது. கயிறு விறைத்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. 50 மீட்டர் போயிருப்போம், இறக்கம். இப்போது என் வண்டியை யாரும் இழுக்கவே வேண்டாம், அதுவாகவே போகிறது. கயிறு தொய்ந்து ரோட்டில் புரள்கிறது. குட்டியானையின் பின்பலகை கண்ணாடி முழுக்கப் பெரிதாகிக்கொண்டே வருகிறது. ரெண்டு காலையும் பிரேக்கில் வைத்து, சீட்டில் முதுகை முட்டுக் கொடுத்து எழுந்து நின்றேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் வளைத்தேன். வண்டி மூக்கு ஓரத் தடுப்பைப் பார்த்தபடி நின்றது. முன்னால் போகிறவருக்கு நான் நின்றது தெரியாது, அவர் பாட்டுக்குப் போகிறார். தொய்ந்த கயிறு ஒரே வெட்டில் விறைத்துப் பட்டென்று அறுந்து, திரும்பி வந்து பானெட்டில் அடித்தது. அந்த நைலான் தழும்பு இன்னும் இருக்கிறது. ரெண்டு வண்டிக்கும் நடுவில் யாராவது நின்றிருந்தால்? மாமா நிற்கிற ஆள்தான். கடவுள் புண்ணியம், அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மதுரைக்காரனுக்கு இதை ஒருத்தன் சொல்லித் தர வேண்டுமா? சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் தேர் வருகிறது. வடம் பிடிக்க ஆயிரம் கை. ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு சில பேர் ஓடிவருவார்களே, அவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில். வடம் பிடித்தேன் என்று ஊரே சொல்லும், கட்டை போட்டேன் என்று சொல்ல ஆள் குறைவு. கார் விஷயத்திலும் இதே கதை. இழுக்க எல்லோரும் ரெடி. எப்படி நிறுத்துவது என்று ஒருத்தன் கேட்க மாட்டான்.

சட்டமும் சும்மா எழுதவில்லை. 2017-இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறையில், பழுதான வண்டியை இழுத்துப் போகும்போது வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, இடைவெளி 5 மீட்டருக்கு மேல் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. நம் ஆட்கள் இரவில் விளக்கில்லாமல், வேகமும் பார்க்காமல், மினிபஸ்ஸையே கயிற்றில் இழுத்துப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கயிறு தெரியாமல் நடுவில் பைக்கை விடுகிறவன் கதி?

இரவு 9 மணிக்கு இன்சூரன்ஸ் அனுப்பிய ஆள் வந்தார். பிளாட்பெட் இல்லை. ரெண்டு சக்கரத்தைத் தூக்கி, மீதி ரெண்டைத் தரையில் உருட்டிக்கொண்டு போகிற வண்டி. சரி, முன்சக்கரத்தைத் தூக்கினால் என் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, எஞ்சின் ஓட்டுவது முன்சக்கரத்தைத்தான். ஆனால் வண்டியின் மூக்கு ஓரத் தடுப்பைப் பார்த்து நிற்கிறதல்லவா, அவருக்குப் பின்பக்கம்தான் வசதி. "பின்னாடி தூக்கிக்கிறேன் சார்."

"அண்ணே, வண்டி ஆட்டோமேட்டிக்."

"நியூட்ரல் போட்டா எல்லா வண்டியும் ஒண்ணுதான் சார்."

அங்கேதான் எனக்குப் பொங்கியது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடுகிற பம்பை எஞ்சின்தான் சுழற்ற வேண்டும். எஞ்சின் ஓடவில்லை, எண்ணெய் ஓடாது. சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே இருக்கிறதெல்லாம் வறண்டு தேயும். மதுரை வரை 25, 30 கிலோமீட்டர் அப்படி உருட்டினால் ஹோஸ் மாற்றப் போன வண்டிக்குக் கியர்பாக்ஸ் மாற்ற வேண்டும். நியூட்ரல் போட்டால் எண்ணெய் என்ன நடந்தா போகும்? இதையெல்லாம் சொன்னேன். "நான் தினம் 4 வண்டி தூக்குறேன் சார், ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல" என்றார். கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு மாசம் கழித்துக் கியர்பாக்ஸ் போனபோது அவர்களுக்கு உங்கள் ஞாபகம் வந்திருக்காது, அவ்வளவுதான்.

முன்பக்கமாகத் திருப்பி மாட்டுங்கள் என்றால், ரோட்டை மறித்துத் திருப்ப முடியாது என்றார். அவர் வண்டியை எடுத்த நிமிடமே போனில் செய்தி: வாடிக்கையாளர் சேவையை ரத்து செய்துவிட்டார். ரத்து செய்தது நானாம்! கூடவே நட்சத்திரம் போடச் சொல்லி இன்னொரு செய்தி. வானத்தில் எக்கச்சக்கமாக இருந்தது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

கீழே டீக்கடைக்காரர்தான் மேலே ஏறி வந்து, "1033 அடிச்சீங்களா தம்பி?" என்றார். தேசிய நெடுஞ்சாலையில் 24 மணி நேரமும் எடுக்கிற எண். ஆண்டுக்கணக்காகச் சுங்கம் கட்டிவிட்டுப் போகிறேன், அந்த எண் எனக்கு ஞாபகம் வரவில்லை. வெட்கம்தான். அடித்தேன். லேண்ட்மார்க் கேட்கவில்லை. "பக்கத்துல கிலோமீட்டர் கல்லுல என்ன நம்பர் போட்டிருக்கு?" என்றார்கள். டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னேன். அவ்வளவுதான்! அரை மணிக்குள் ரோந்து வண்டி, பின்னாலேயே கிரேன். ஆரஞ்சு நிறக் கூம்புகளை மேட்டிலிருந்தே வரிசையாக வைத்து, ஒரு பக்க வழியை மறித்து, முன்சக்கரத்தைத் தூக்கி டீக்கடை மைதானத்தில் கொண்டு போய் விட்டார்கள். பத்து நிமிட வேலை. முடியாது என்று மற்றவர் சொன்ன அதே வேலை. மதுரை வரை கொண்டு போவது அவர்கள் வேலையில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

மெக்கானிக் தம்பியைப் பிடித்து மதுரையிலிருந்து ஒரு பிளாட்பெட் வரவழைத்தேன். 4,500 ரூபாய். வந்தவனுக்கு 25 வயசு இருக்கும். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தான். "ஆட்டோவா மேனுவலாண்ணே?" என்று அவனாகக் கேட்டான். கட்டிப் பிடித்திருப்பேன். வளையத்தில் வின்ச் கம்பியை மாட்டி மெதுவாக மேலே ஏற்றி, 4 சக்கரத்துக்கும் தனித்தனியாக பெல்ட் போட்டு, ஒவ்வொன்றையும் காலால் மிதித்துப் பார்த்தான். அப்புறம், "மேல முக்கோணம் வெச்சீங்களா?" என்று கேட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகப் பாலத்தில் ஏறிப் போனான். திரும்பி வரும்போது ஒரு கையில் முக்கோணம். மாமா அடுக்கிய கற்களையும் கொப்பையும் ஓரத்தில் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். யாரும் சொல்லவில்லை.

வீடு வந்து சேர மணி 12. குழம்பு ஊசிப்போய்விட்டது.

காலையில் மாமா வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்ல கயிறா மட்டும் இருந்திருந்தா குட்டியானையே இழுத்தாந்திருக்கும். மாப்ளதான் 4,500 ரூபாயை விட்டுட்டாப்ல."