நட்சத்திரம் இல்லாவிட்டால் போலியா?

“பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலையை வெளிச்சத்தில் பிடியுங்கள், நட்சத்திரம் தெரிந்தால் அசல், தெரியாவிட்டால் போலி” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. இதை நம்பினால் விலையுயர்ந்த பழைய தலைகளைத்தான் முதலில் குப்பையில் போடுவோம்.

அந்த நட்சத்திரம் ஒரு நீர்க்குறி, அதாவது தாள் செய்யும்போதே அதில் பதியும் உருவம். நட்சத்திர நீர்க்குறி வந்தது 1882இல். 1865 முதல் இருந்தது யானைத்தலை. 1855இல் டி லா ரூ என்ற லண்டன் அச்சகம் அச்சிட்ட நீலம் பாய்ந்த தாளில் நீர்க்குறியே கிடையாது. 1852இல் சிந்து மாகாணத்தில் வந்த ‘சிந்து டாக்’ தலைகளிலும் இல்லை. கல்கத்தாவில் அச்சான 1854 அரை அணா, ஓர் அணாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் முழுத் தாளிலும் பரவியிருக்கும்; ஒற்றைத் தலையில் ஒரு கோடு விழுந்தாலே அதிர்ஷ்டம். அவற்றின் ஓரத்தில் துளைப் பற்களும் இல்லை.

வெளிச்சத்தில் பிடிப்பதும் போதாது. கருப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து, சுத்தமான பென்சைன் (பெட்ரோலிய ஸ்பிரிட்; நச்சான பென்சீன் அல்ல) இரண்டு சொட்டு விடுங்கள் (நெருப்பு அருகே வேண்டாம்). நீர்க்குறியில் தாள் மெலிந்திருப்பதால் அந்த இடம் கருமையாகத் தெரியும். நட்சத்திரத் தலைகளில் பற்களையும் அளக்கலாம்: பெரும்பாலானவற்றில் 2 செ.மீ.க்கு 14 துளை.

நட்சத்திரம் இருந்தும் ஏமாறலாம். தபாலுக்கு அல்லாமல் வரி செலுத்திய அடையாளமாக ஆவணத்தில் ஒட்டப்பட்ட உயர்மதிப்புத் தலையின் பேனாக் கோட்டை அழித்து, மேலே போலித் தபால் முத்திரை குத்துவார்கள். தாளும் நீர்க்குறியும் அசல்தானே! புற ஊதா விளக்கில் அழித்த மையின் தடம் பெரும்பாலும் தெரியும். தாளே பளீரென வெண்ணீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். தாளை இப்படி ஒளிரவைக்கும் வெளுப்பூட்டி ரசாயனங்கள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு.