ஜார்ஜியன் வீட்டு ஜன்னலைக் கழற்றுவதற்கு முன்

இங்கிலாந்தில் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஜார்ஜியன் (பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டு, ஜார்ஜ் மன்னர்கள் காலத்து) வரிசை வீட்டை வாங்குபவர்கள் முதலில் கைவைப்பது மேலும் கீழும் நகரும் சாஷ் ஜன்னலில்தான். குளிர் வருகிறது, கடகடக்கிறது, மாற்றிவிடலாம் என்பார்கள். மாற்றவே கூடாது என்பேன்.

வீட்டின் வயதைச் சொல்வதே அந்த ஜன்னல்தான். தீ பரவாமலிருக்க, மரச்சட்டத்தைச் சுவர் முகப்பிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது லண்டனின் 1709 சட்டம். 1774 சட்டம், ஜன்னல் சட்டத்தைக் கயிற்றால் சமன்செய்யும் எடைக்கட்டிகள் தொங்கும் பெட்டியையே செங்கலுக்குப் பின்னால் மறைக்க வைத்தது. வெளியூர்களில் இந்த வழக்கம் தாமதமாகவே பரவியது. ஆகவே இதை மட்டும் வைத்து ஆண்டைக் கணிக்க வேண்டாம். கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள மரக்குச்சிகளையும் பாருங்கள்: தொடக்கத்தில் தடிமன், 18-ஆம் நூற்றாண்டு முடிவில் அரை அங்குலத்தை ஒட்டிய மெலிவு. சட்ட மூலையில் நீட்டும் 'கொம்பு' பெரிய, கனமான கண்ணாடி வந்த விக்டோரியா காலத்து வலுவூட்டல். ஜார்ஜியன் பாணி என்று விற்கும் புது ஜன்னல்களிலும் அதை ஒட்டிவைப்பதுதான் வேடிக்கை!

மாற்றினால் என்ன கெடும்? இரட்டைக் கண்ணாடி போட்டால் கனம் கூடும். பழைய இரும்பு எடைகள் போதாது. பெரிய இரும்புக்குப் பெட்டியில் இடமிருக்காது, ஈயம் தேட வேண்டும். அந்தக் கண்ணாடியின் விளிம்பைத் தாங்க மெல்லிய மரக்குச்சியாலும் முடியாது. அதனால்தான் ஒரே பெரிய கண்ணாடியின் மேல் போலிக் குச்சிகளை ஒட்டுகிறார்கள்.

பழுதுபார்ப்பதோ எளிது. அழுகுவது பெரும்பாலும் அடிக்கட்டையும் கீழ்ச்சட்டமும் மட்டுமே. கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கும் மக்கு (புட்டி) வெடித்து, அதன் வழியே நீர் புகுந்து, மூச்சுவிடாத பெயின்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. அழுகலை நல்ல மரம் வரை வெட்டி, அதே இழைப்போக்கில் புதுத் துண்டை இணைத்து, ஆளிவிதை எண்ணெய் மக்கு வையுங்கள். கயிறு மாற்றும்போது சாஷை, அதாவது நகரும் சட்டத்தை, கண்ணாடியோடு நிறுத்துப் பாருங்கள். தொங்கும் எடைக்கட்டிகள் மேல் சாஷுக்கு அதன் கனத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவும், கீழ் சாஷுக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தால்தான் இரண்டும் மூடியபடி நிற்கும்.

குளிருக்கு உட்புறம் இரண்டாவது கண்ணாடி போதும். இரைச்சலும் குறைய வேண்டுமானால் 100 மி.மீ. இடைவெளி விடுங்கள். காற்றடைப்புப் பட்டையை உள் கண்ணாடிக்கே போடுங்கள். வெளி ஜன்னலையும் இறுக்கி அடைத்தால் நடுவில் ஈரம் படியும். ஜன்னலின் உட்புறம் மரத்தாலான மடக்குக் கதவுகள் இருந்தால் அவை மூட இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

ஜன்னலை மாற்ற உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்தால், பட்டியலிட்ட கட்டடங்களுக்கான 1990 சட்டப்படி குற்றம். பழையபடி ஆக்கச் சொல்லும் நோட்டீசுக்குக் காலவரம்பு இல்லை. முந்தைய உரிமையாளர் செய்ததற்கும் அது உங்கள் பெயருக்கே வரலாம். வாங்குமுன் அனுமதிக் காகிதங்களைக் கேளுங்கள்.