அப்பீல் போட்டால் மட்டும் தீர்ப்பு நின்றுவிடாது

சொத்தை விற்க எழுதிய கிரைய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அவ்வழக்கில் தோற்றவர் மேல்முறையீடு (அப்பீல்) செய்துவிட்டாலே கீழ்க்கோர்ட் தீர்ப்பு தானாக நின்றுவிடும் என்று எழுதியிருப்பது சரியல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 41, விதி 5-இன்படி தீர்ப்பை நிறைவேற்றாமல் நிறுத்திவைக்கும் தடையுத்தரவைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். மேல்முறையீடு செய்ய மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள் என்ற கெடுவும் உண்டு. தீர்ப்பு நகல் பெற ஆகும் நாட்கள் அதில் கழிக்கப்படும் என்பதால் நகல் மனுவை உடனே போட்டுவிட வேண்டும்.

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 40 சென்ட் தென்னந்தோப்புக்கு என் பெரியப்பா முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதியிருந்தார். மலையாளத்தில் எழுதிய அந்த முத்திரைத்தாளின் பின்பக்கத்தில், இரண்டாம் தவணை பெற்றதற்கு விற்பவர் போட்ட கையெழுத்தும் தேதியும் தெளிவாகவே இருந்தன. ஆனாலும், மீதித் தொகையைக் கொடுத்துக் கிரையம் முடிக்கத் தாம் தொடர்ந்து தயாராகவும் விருப்பத்துடனும் இருந்ததைக் காட்டும் வங்கிப் பாஸ்புக்கைப் பெரியப்பா தாக்கல் செய்யாததால், ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றவைப்பது பற்றிய 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 16-ஆம் பிரிவின்படி அவர் போட்ட வழக்கு தள்ளுபடியானது. மேல்முறையீட்டில் அதைக் கொடுக்க முயன்றபோது, முன்பே ஏன் தரவில்லை என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை; புதிய சான்றுகளை ஆணை 41, விதி 27 மிகச் சில காரணங்களுக்கே அனுமதிக்கிறது. அந்தப் பாஸ்புக் அத்தனை ஆண்டும் வீட்டு பீரோவிலேயே இருந்தது என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

கிரையம் கிடைக்காவிட்டால் முன்பணத்தையாவது திருப்பித் தரும்படி வழக்குரையில் (வழக்குப் போடும் மனுவில்) மாற்றுப் பரிகாரமாகக் கேட்காமல் விட்டவர்கள், அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டிலும் வழக்குரையைத் திருத்த மனு போடலாம். எங்களுக்கு அந்தப் பணமாவது அப்படித்தான் கிடைத்தது. இதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டுகிறேன்.