இரண்டாம் உலகப் போரில் பேஸ்பால் வீரர்கள் யாரும் சாகவில்லையா?

"இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் மேஜர் லீக் (பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டி) வீரர்கள் ராணுவச் சீருடை போட்டதெல்லாம் முகாம்களில் பந்து விளையாடத்தான், ஒருவர்கூடச் சாகவில்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஜோ டிமாஜியோ போன்ற நட்சத்திரங்கள் ராணுவ அணிகளுக்காக ஆடியது உண்மைதான். ஆனால் படையில் சேர்ந்த மேஜர் லீக் வீரர்கள் 500 பேருக்கு மேல். அவர்களில் இருவர் போர்க்களத்தில் இறந்தார்கள்.

ஒருவர் எல்மர் கெடியன். 1939-இல் வாஷிங்டன் அணிக்காக ஐந்தே ஆட்டங்கள் ஆடியவர். 1942-இல் வட கரோலைனாவில் அவர் இருந்த குண்டுவீச்சு விமானம் விழுந்து தீப்பிடித்தது. விலா எலும்புகள் முறிந்த நிலையிலும், வெளியே வந்தவர் மறுபடி நெருப்புக்குள் போய்ச் சக வீரரை இழுத்து வந்தார். இப்படிப்பட்டவரையா 'பந்து விளையாடப் போனவர்' என்பது? 1944 ஏப்ரல் 20 அன்று பிரான்ஸில் அவர் ஓட்டிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 27 வயது முடிந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

இன்னொருவர் ஹாரி ஓநீல். பிலடெல்பியா அணியின் கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர். 1939 ஜூலையில் ஒரே ஓர் ஆட்டம். மட்டை பிடிக்கும் வாய்ப்புகூட வரவில்லை. 1945 மார்ச் 6 அன்று ஜப்பானின் ஈவோ ஜிமா தீவில் நடந்த போரில் கொல்லப்பட்டார்.

அப்புறம், மேஜர் லீக்குக்குக் கீழே மைனர் லீக் அணிகளில் ஆடி, அந்தப் போரில் உயிரிழந்தவர்கள் மட்டும் நூறு பேருக்கு மேல். பகிரும் முன் இவர்களையும் நினைத்துப் பாருங்கள்.