அங்கே நடந்தால் கோட்பாடு, இங்கே நடந்தால் வட்டாரமா?

தோழி ஒருவர் சர்வதேச உறவுகள் துறை ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரை ரிஜெக்ட் ஆகியிருக்கிறது. அதை மதிப்பிட்ட ரிவ்யூவர் எழுதிய குறிப்பை நேற்றிலிருந்து எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான். பேசாமல் கடந்துவிடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

ஆய்வு நன்றாக இருக்கிறதாம். ஆனால் கோட்பாட்டுக்குப் புதிதாக எதுவும் தரவில்லையாம். வட்டார ஆய்விதழ் எதற்காவது அனுப்ப வேண்டுமாம். கட்டுரை எதைப் பற்றி? 1955-ல் இந்தோனேசியாவில் நடந்த பாண்டுங் மாநாடு! இரண்டு வல்லரசு முகாம்களுக்கு நடுவே எப்படிப் பிழைப்பது என்று 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிப் பேசிய இடம். இந்தியா, சீனா, ஜப்பான், எகிப்து, இந்தோனேசியா எல்லாம் ஒரே கூடத்தில். இது வட்டாரம் என்றால் உலகம் எது?

1962 அக்டோபர், கியூபா ஏவுகணை நெருக்கடி. கியூபாவில் சோவியத் வைத்த ஏவுகணைகளால் அமெரிக்காவும் சோவியத்தும் அணு ஆயுதப் போரின் விளிம்புக்குப் போன நேரம். பதின்மூன்று நாள் நடந்த ஒரே நிகழ்வு. அதை வைத்து அமெரிக்க அரசியல் அறிஞர் கிரகாம் ஆலிசன் 1969-ல் ஒரு கட்டுரையில் மூன்று மாதிரிகளை முன்வைத்தார். வெளியுறவு முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று படிக்க வருபவர் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. நானும் அதைப் பாடம் நடத்துகிறேன், அருமையான கட்டுரை. என் கேள்வி ஒன்றுதான். வாஷிங்டனின் பதின்மூன்று நாள் கோட்பாடாகும்போது, பாண்டுங்கின் ஒரு வாரம் மட்டும் ஏன் வெறும் உதாரணமாகவே நிற்கிறது?

“பெரிய ஜர்னலில் எல்லாருக்கும்தான் ரிஜெக்ட் ஆகும்” என்கிறார்கள். ஆகட்டும், அதைப் பற்றி யார் பேசினார்கள்?

“ரிவ்யூவருக்கு எழுதியவர் பெயரே தெரியாதே, பாரபட்சம் எங்கிருந்து வந்தது?” என்று ஒரு நண்பர் கேட்டார். பெயரை மறைக்கலாம். ஜகார்த்தா ஆவணங்களையும் உள்ளூர்ச் செய்தித்தாள்களையும் காட்டும் அடிக்குறிப்புகளை எப்படி மறைப்பது? எங்கிருந்து எழுதுகிறார் என்று அவையே சொல்லிவிடுகின்றன.

இந்தத் துறையின் பிறப்பையும் கொஞ்சம் பாருங்கள். 1910-ல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இதழின் பெயர் ‘ஜர்னல் ஆஃப் ரேஸ் டெவலப்மென்ட்’. எந்த இனம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து பார்த்த காலம் அது. 1919-ல் பெயர் மாறி சர்வதேச உறவுகள் இதழானது. 1922-ல் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழோடு கலந்துவிட்டது. கறுப்பின அமெரிக்க அறிஞர் டு பாய்ஸ் 1925-ல் அதில் எழுதினாரே என்பீர்கள். எழுதினார், மறுக்கவில்லை. ஒருவரை உள்ளே விட்டதாலேயே வாசல் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று ஆகிவிடுமா?

எனக்கும் இது நடந்திருக்கிறது. என் கட்டுரை ஒன்றுக்கு இரண்டாவது ரிவ்யூவர் ஒரு பட்டியல் கொடுத்தார், இவர்களோடெல்லாம் உரையாட வேண்டும் என்று. எல்லாரும் ஒரே மூன்று நான்கு பல்கலைக்கழக ஆட்கள். சேர்த்தேன். சேர்த்ததும் சொல் வரம்பு தாண்டியது. வெட்டச் சொன்னது எதைத் தெரியுமா? காப்பகத்திலிருந்து எடுத்த பகுதியை. போட்டோ எடுக்க அங்கே அனுமதி இல்லை. ஒரு தந்தியின் ஓரத்தில் யாரோ இளநிலை அதிகாரி பென்சிலால் எழுதிய எதிர்ப்புக் குறிப்பை, எழுத்து எழுத்தாகப் பார்த்து நோட்டில் எழுதி வந்திருந்தேன். கட்டுரையின் உயிரே அதுதான். அது போனது, பட்டியல் நின்றது.

கட்டுரை வந்த பிறகு, அந்தக் கோப்பைத் தேடி எடுத்துக் கொடுத்த காப்பக ஊழியர் படிக்க ஆசைப்பட்டார். திறந்தால் பணம் கட்டச் சொல்கிறது. எழுதிய எனக்குக் காசு கிடையாது, மதிப்பிட்டவருக்கும் கிடையாது, அவர் மட்டும் கட்ட வேண்டும். பிடிஎஃப்பை நானே அனுப்பினேன். “அந்தப் பென்சில் குறிப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேட்டு எழுதியிருந்தார். நான் என்ன பதில் சொல்வது?

“உணர்ச்சிவசப்படாதீர்கள், ஜர்னல்களும் மாறி வருகின்றன” என்று இன்பாக்ஸில் அறிவுரை சொல்பவர்களுக்கு: மாறட்டும், சந்தோஷம். அதுவரை வலிக்கிறது என்று சொல்லக்கூட உரிமை இல்லையா?

கட்டுரை எழுதிய தோழிக்கு ஒரு வார்த்தை. வேறு ஜர்னலுக்கு அனுப்புங்கள். முன்னுரையை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். காப்பகப் பகுதியில் மட்டும் யார் சொன்னாலும் கை வைக்காதீர்கள்.