அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

கோத்தகிரியில் நடந்த ரத்த அழுத்தப் பரிசோதனை முகாமின் காணொளி உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும் என்பதால் நடந்ததை முழுதாகச் சொல்லப் போவதில்லை. "பிரஷர் மாத்திரையை ஏன் நிறுத்துனீங்க?" என்று மேடையில் ஒருவர் ஒலிபெருக்கியில் கேட்டதும், "போன தடவ பாத்தப்ப நார்மல்னு சொன்னாங்க சார், அதான் நிறுத்திட்டேன்" என்று அந்த அம்மா பதில் சொன்னதும், கேட்டவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்ததும், கூட்டம் சிரித்ததும், அது "விழிப்புணர்வு இல்லாத மக்கள்" என்ற வரியோடு நம் குழுக்களில் சுற்றுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

அவர் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது? காய்ச்சல் விட்டால் காய்ச்சல் மாத்திரையை நிறுத்துகிறோம். பிரஷர் நார்மல் என்றால் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாம் என்று அவர் நினைத்தது, அவருக்குச் சொல்லப்பட்டதை வைத்துப் பார்த்தால் சரியான முடிவுதான். "மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மலாக இருக்கிறது, நிறுத்தினால் மறுபடியும் ஏறிவிடும்" என்ற ஒரு வாக்கியத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லாமல் விட்டார். கேட்டுக்கொண்டவர் மேடையில் அவமானப்பட்டார்.

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு எடுத்த ஆய்வில், 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் பேர் மட்டுமே. உலக அளவிலேயே ஐந்தில் ஒருவருக்குத்தான் கட்டுக்குள் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் கட்டுக்குள் இல்லை என்றால், அதைத் தொண்ணூறு பேரின் தனிப்பட்ட அலட்சியம் என்று எப்படி எழுத முடிகிறது?

நான் குன்னூரில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். எஸ்டேட் லைன்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் இருந்து வரும் பெண்கள் சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில் முழு அட்டை வாங்குவதில்லை. "அஞ்சு மாத்திரை மட்டும் வெட்டிக் குடு பாப்பா" என்பார்கள். வெட்டிய துண்டில் சில சமயம் மாத்திரையின் பெயர் பாதிதான் இருக்கும், காலாவதி தேதி இருக்கவே இருக்காது. அந்தத் துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போகிறவருக்குத் தான் சாப்பிடும் பிரஷர் மாத்திரை அம்லோடிபினா, எனலாப்ரிலா என்று எப்படித் தெரியும்?

அது தெரிய வேண்டியது அவசியம். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண் அந்த வீக்கத்தைப் பார்த்ததும், மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது என்று பயந்து நிறுத்திவிடுகிறார். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். நம் ஊரில் இருமல் என்றால் எல்லோரும் பனியைத்தான் குற்றம் சொல்வார்கள். மாதக்கணக்கில் இருமல் மருந்து வாங்கிக் குடிப்பார்கள். இரண்டுக்குமே வழி உண்டு. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றுவார். சொல்ல வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. முட்டி வலிக்கு வாங்கும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றக்கூடும் என்பதையும் அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அளவெடுப்பதையும் பார்த்திருக்கிறேன். படிக்கட்டு ஏறி மூச்சு வாங்க வந்தவரை உட்கார்ந்த வேகத்தில் கையை நீட்டச் சொல்லி, ஸ்வெட்டருக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே அளக்கிறார்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், வெறும் கையில் பட்டையைக் கட்ட வேண்டும், அரை மணி நேரத்துக்குள் டீயோ பீடியோ கூடாது என்பதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் அழுத்தம் சற்றுக் கூடும் என்பதும் தெரிந்ததுதான். இத்தனையையும் விட்டுவிட்டு அந்த அம்மாவுக்கு விழிப்புணர்வு இல்லை என்கிறோம்.

என் அப்பாவைப் பற்றி இங்கே எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலையை உலர்த்தும் டிரையர் பக்கம் வேலை பார்த்தவர். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளாமல் அவர் படுத்ததில்லை. போய்வந்த இடத்தில் கொடுத்த சீட்டுகளை எல்லாம் ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே வைத்திருந்தார். ஒவ்வொரு சீட்டிலும் 160/100, 158/98, 164/100 என்று இருந்தது. கீழே அதே மாத்திரை, அதே அளவு. 140/90க்குக் கீழே வர வேண்டும் என்று எந்தச் சீட்டிலும் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறோம், ஆகவே கட்டுக்குள்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார். பக்கவாதம் வந்து மலை இறக்கிக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில், "படிச்ச பிள்ளைய வீட்ல வச்சுக்கிட்டு இப்படி விட்டுட்டீங்களே" என்று எல்லோர் முன்னாலும் எங்களைக் கேட்டார்கள். அம்மா பதில் சொல்லாமல் அந்தக் கவரை நீட்டினார். அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. இன்று அப்பாவின் ஸ்வெட்டருக்கு அம்மாதான் பொத்தான் போட்டுவிடுகிறார்.

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்று சிலர் எழுதுவீர்கள். உண்மைதான், வெளிநோயாளிகள் வரிசையை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் திட்டுவதற்குக் கிடைத்த நேரம் விளக்குவதற்கும் போதும்.

அரசு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறதே என்பீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நல்ல காரியம் என்று அன்றே எழுதியவள் நான். அந்தத் தன்னார்வலப் பெண்கள் எஸ்டேட் பாதைகளில் நடக்கும் நடையை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் வரும் பகல் நேரத்தில் கொழுந்து பறிப்பவர் தேயிலைக் காட்டில் இருக்கிறார், மாத்திரை மட்டும் பக்கத்து வீட்டில் இருக்கிறது. மாத்திரை வந்து சேருவதும் அது எதற்கு என்று புரிவதும் ஒன்றல்ல.

கருவாடும் ஊறுகாயும் தின்கிறவர்களுக்கு எதைச் சொல்லி என்ன என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, அதாவது 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். காலையில் கட்டிக்கொண்டு போகும் சோற்றுக்கு வேறு என்ன தொட்டுக்கொள்வது என்று அவர்தான் சொல்லட்டும். இதற்கு மேல் அவருக்குப் பதில் கிடையாது.

நீ என்ன டாக்டரா என்றும் கேட்பீர்கள். இல்லை. டாக்டரிடம் கேட்கப் பயந்து, கடை வாசலில் கூட்டம் குறையும் வரை ஒதுங்கி நின்று, "இந்த நம்பர் நல்லதா கெட்டதா கண்ணு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறவள். எல்லோர் முன்னாலும் சிரிப்புக்கு ஆளாக வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் அவர்கள் இனி என்னிடமும் கேட்க மாட்டார்கள். அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அந்த அம்மாவின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது, அவருக்கும் ஒரு ஊர் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்த முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். வந்தவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ள நாற்காலிகள் போடுங்கள். ஸ்வெட்டரைக் கழற்ற ஒரு மறைப்பு வையுங்கள். ஒரு அட்டையில் இன்றைய அளவு, பக்கத்தில் வர வேண்டிய அளவு, கீழே மாத்திரையின் பெயர், "நார்மல் ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது" என்ற ஒரு வரி, இவ்வளவையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, படிக்கத் தெரியாதவருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டிக் கொடுங்கள். அட்டை அச்சடிக்கும் செலவு என்னுடையது. எழுதிக் கொடுக்க நாள் முழுவதும் நானும் வந்து உட்காருகிறேன்.